லேப்ரம் கிழிசலோடு அறிக்கையை முடித்துவிடாதீர்கள்

விளையாட்டு வீரர் ஒருவருக்கு உதைக்கும்போதும் சட்டென்று திரும்பி ஓடும்போதும் தொடையிடுக்கில் வலி. எக்ஸ்-ரேயில் தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடத்தில் கேம் எனப்படும் எலும்புப் புடைப்பு, எம்.ஆர்.ஐ.யில் லேப்ரத்தின் (இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையம்) முன்மேல் பகுதியில் கிழிசல். அறிக்கை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். இப்படி இடுப்பு மூட்டின் எலும்புகள் இடித்துக்கொள்ளும் ஹிப் இம்பிஞ்ச்மென்ட் உள்ளவருக்கு இரண்டாவது காயம் ஒன்று சில சென்டிமீட்டர் தள்ளி, இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்னால் சேரும் பியூபிக் சிம்பசிஸ் பக்கம் இருக்கலாம்.

காரணம் எளிது. புடைப்பு கிண்ணத்தின் விளிம்பில் இடிப்பதால் தொடை உள்பக்கம் முழுசாகத் திரும்புவதில்லை. ஆட்டத்துக்கு அந்தத் திருப்பம் வேண்டும். இடுப்பெலும்பு வளைந்துகொடுத்து ஈடுகட்டுகிறது. சடல இடுப்பில் செயற்கைப் புடைப்பு வைத்துத் திருப்பிப் பார்த்தபோது சிம்பசிஸின் அசைவு கூடியது.

அந்த இடத்தின் அமைப்பும் சிக்கலானதுதான். மேலிருந்து வரும் வயிற்றுத் தசை ரெக்டஸ் அப்டாமினிஸும் கீழே போகும் உள்தொடைத் தசை அடக்டர் லாங்கஸும் பியூபிஸ் எலும்பின் முன்னால் ஒரே நார்த்தகடாகக் கலக்கின்றன. ஒன்று மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்கிறது. தகடு எலும்பைவிட்டு உரிந்தால், கொழுப்பின் ஒளிர்வை அடக்கி, திரவத்தை வெள்ளையாகக் காட்டும் டி2 எம்.ஆர்.ஐ. படத்தில் சிம்பசிஸின் கீழ்விளிம்பிலிருந்து வலிக்கும் பக்கமாக வெள்ளைக் கோடு ஒன்று நீளும். இதைத்தான் செகண்டரி கிளெஃப்ட் என்கிறோம். தசைநாண் தடித்து லேசாக வெளுத்திருந்தால் டெண்டினோபதி (தசைநாண் நைவு), திரவம்போல் பளீரென்று இடைவெளி தெரிந்தால் கிழிசல். மஜ்ஜை வீக்கத்தைத் தனியாக நம்ப வேண்டாம்: வலியே இல்லாத கால்பந்து வீரர்களிடமும் அது தெரியும்.

ஒரு பக்க இடுப்புக்கான சிறிய எஃப்.ஓ.வி. (படம் பிடிக்கும் பரப்பு) படத்தில் சிம்பசிஸ் ஓரத்தில் நிற்கும், அல்லது வெளியே போய்விடும். எனவே முழு இடுப்புக்கும் ஒரு கரோனல் ஸ்டிர் (முன்னிருந்து பார்க்கும் வெட்டில், கொழுப்பை அடக்கிய படம்) எடுங்கள். கூடவே, இடுப்பெலும்பின் உட்புற வளைகோடான ஆர்க்குவேட் கோட்டுக்கு இணையாகச் சாய்த்த குறுக்குவெட்டுப் படம் (ஏக்சியல் ஒப்ளீக்) ஒன்று, 3 முதல் 4 மி.மீ. தடிமனில். சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். வலிக்கும் புள்ளியில் வைட்டமின் ஈ கேப்சூலை அடையாளமாக ஒட்டுவது நல்ல வழக்கம். ஆனால் அது கொழுப்பை வெள்ளையாகக் காட்டும் டி1 படத்தில்தான் பளிச்சென்று தெரியும், கொழுப்பை அடக்கிய படத்தில் மங்கிவிடும். எக்ஸ்-ரேயில் முன்னிருந்து நேராக எடுக்கும் ஏ.பி. மட்டும் போதாது. முன்பக்கப் புடைப்பை, இடுப்பை 45 டிகிரி மடக்கி எடுக்கும் டன் வியூ காட்டும். ஆல்ஃபா கோணம் (எலும்புத் தலை எங்கே உருண்டை வடிவத்தை இழக்கிறது என்பதன் அளவு) 60 டிகிரிக்கு மேல் என்றால் பொதுவாகக் கேம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

படம் மட்டுமே நோயறிதல் ஆகாது. ஹிப் இம்பிஞ்ச்மென்ட் பற்றிய நிபுணர்களின் 2016 வார்விக் உடன்பாடு அறிகுறி, பரிசோதனை, படம் மூன்றையும் கேட்கிறது. எது வலிக்கிறது என்று பிரிக்க இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடலாம். மருந்து வேலை செய்யும் நேரத்துக்குள் முட்டிகளுக்கு நடுவே முஷ்டியை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். இடுப்பை மடக்கித் திருப்பும்போது வலி போய், அழுத்தும்போது மட்டும் அப்படியே இருந்தால் அடக்டர் பக்கமும் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிட்டுப் புடைப்பை மட்டும் செதுக்கினால் நோயாளி அதே வலியோடு திரும்பி வருவார்.

இத்தனைக்கும் முன்னால் தொடை எலும்பின் கழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் அழுத்தத்தால் வரும் விரிசல்) இருந்தால் அன்றே ஊன்றுகோல். விரிசல் கோடு கழுத்தின் மேல்பக்கம் என்றால் அன்றே அறுவை மருத்துவருக்கு அழைப்பு.