பேக்கேஜைக் கட்டியவர் யார்?

போன வாரம் என் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு மாற்றும் முன், மென்பொருள் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்த்தேன். உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியங்கள் போக ஐந்து பிபிஏக்கள் இருந்தன, அதாவது வெளியாட்கள் நடத்தும் களஞ்சியங்கள். அதில் ஒன்று, புகைப்படம் திருத்தும் மென்பொருளின் புதிய பதிப்புக்காக மூன்று வருடம் முன்பு நான் சேர்த்தது. அந்த மென்பொருளை எழுதியவர்களுடையது அல்ல. யாரோ ஒருவர் தன் தேவைக்காகக் கட்டிப் பொதுவில் வைத்த பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதி. அவருடைய புனைபெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

உபுண்டுவில் பேக்கேஜ் என்பது ஒரு டெப் கோப்பு. அதை நிறுவும்போது அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் உரிமையோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். மென்பொருளை ஒருமுறைகூடத் திறக்க வேண்டாம். நிறுவினாலே போதும், அந்த ஸ்கிரிப்ட் கணினியில் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம். பிபிஏவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் என்ற கருவி பொதுவாகப் பெரிய பதிப்பு எண் எங்கிருக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் புனைபெயர்க்காரர் நினைத்தால், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சையே கூடுதல் எண் போட்டு அனுப்பலாம், அடுத்த அப்டேட்டில் அது என் கணினிக்குள் வந்துவிடும். தேடிப் பார்த்தேன். படங்களைக் கையாளும் ஒரு லைப்ரரி ஏற்கெனவே அவரிடமிருந்துதான் வந்திருந்தது. வேறு பல மென்பொருள்களும் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் உண்மையிலேயே பயந்தேன்.

டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே என்றான் நண்பன். பேக்கேஜ் அந்த பிபிஏவிலிருந்துதான் வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதைத்தான் கையொப்பம் சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று அது சொல்லாது.

ஆர்ச் என்ற இன்னொரு வகை லினக்ஸின் பயனர்கள் பேக்கேஜ்களைப் பகிரும் ஏயூஆரில் 2018 ஜூலையில் நடந்ததை நான் அடிக்கடி நினைப்பேன். அக்ரோரீட் என்ற பிடிஎஃப் வாசிப்பானின் பேக்கேஜைப் பராமரிக்க ஆளில்லாமல் இருந்தது. வேறொருவர் அதைத் தன் பொறுப்பில் எடுத்து, வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும் கட்டளையைச் சேர்த்துவிட்டார். பேக்கேஜின் பெயர் அப்படியே இருந்தது. முன்பே நிறுவியவர்களுக்கு அது வழக்கமான அப்டேட் போலத்தான் தெரிந்திருக்கும். 2025 ஜூலையிலும் ஏயூஆரில் பிரவுசர்களின் பெயரைத் தாங்கிய மூன்று பேக்கேஜ்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் தீநிரலோடு வந்தன. அவை புதிதாகப் பதிவேற்றிய பேக்கேஜ்கள். அக்ரோரீட் விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே நம்பிய பெயருக்குப் பின்னால் ஆள் மாறிவிட்டார்.

அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. 2024இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் யாரோ ஒளித்துவைத்த பின்கதவு, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்தது. ஆனால் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிப் பார்க்க அங்கே ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் இருந்தார். என் பிபிஏவை அப்படி யார் பார்க்கிறார்கள்?

சரி, நான்கு பிபிஏக்களை நீக்கி, அவற்றிலிருந்து வந்தவற்றை உபுண்டுவின் பதிப்புகளுக்கே திருப்பினேன். மீதி ஒன்று, வேறொரு மென்பொருளை எழுதிய குழுவே நடத்துவது. அதிலிருந்து அந்த மென்பொருளின் பேக்கேஜ் மட்டும் வரும்படி ஆப்டில் முன்னுரிமை விதி எழுதினேன்.

அப்புறம் அந்தப் புனைபெயர்க்காரருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வருடம் இலவசமாக உழைத்திருக்கிறார் அல்லவா? அன்பாகப் பதில் எழுதினார். இப்போது லினக்ஸையே பயன்படுத்துவதில்லையாம். அந்தக் கணக்குக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம், கடவுச்சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டுமாம்.