ஆஸ்துமா இல்லை, டிபி இல்லை, பின்னே என்ன?

மாடி ஏறினால் இளைப்பு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் வறட்டு இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆரம்பத்தில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், பலனில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நிழல் தெரிந்ததும் டிபி சந்தேகம் வந்தது. சளியே வராத எனக்கு உப்புநீர் ஆவி பிடிக்க வைத்துச் சளி எடுத்தார்கள். நெகடிவ். "டிபி இல்ல, நிம்மதியா இருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இருமல் போனபாடில்லை.

அடுத்துப் பார்த்த நுரையீரல் மருத்துவர்தான் முதன்முதலாக முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டார். வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சத்தம் வருகிறது என்றார். ஆஸ்துமா விசில் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும்; இது மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் வருவது. ஐஎல்டி (இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்) என்ற பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஆஸ்துமா காற்றுக்குழாயின் கோளாறு. ஐஎல்டியில் காற்றுப் பைகளுக்கும் ரத்த நாளங்களுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவரில் அழற்சியோ தழும்போ உண்டாகிறது. அது ஒரே நோயும் இல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களின் கூட்டம். அதில் எது என்று தெரியாமல் மருந்தில் கை வைக்கக் கூடாது என்றார் அவர். எனக்கு அவசரம், ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். ஐபிஎஃப் என்ற, காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பு விழுகிற வகைக்கு வருடக்கணக்காக ஸ்டீராய்டும், நோயெதிர்ப்பை அடக்கும் அசதியோபிரினும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள், 2012இல் வெளியான ஆய்வில் அந்தக் கூட்டு மருந்து எடுத்தவர்களிடையேதான் மரணம் அதிகம் என்று தெரிந்தது என்று விளக்கினார். அதற்குப் பிறகு நான் அவசரப்படுத்தவில்லை.

எச்ஆர்சிடி, அதாவது நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன், சீக்கிரம் முடிந்துவிடும். மூச்சை இழுத்துப் பிடித்து ஒருமுறை, முழுக்க வெளியே விட்டு ஒருமுறை, குப்புறப் படுக்கவைத்து ஒருமுறை. மூச்சை விட்டு எடுக்கிற படம் முக்கியம். சிறு காற்றுக்குழாய்களில் காற்று சிக்கிக்கொள்கிறதா என்பது அதில்தான் தெரியும். எனக்குச் சிக்கியிருந்தது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது டிஎல்சிஓ என்ற மூச்சுப் பரிசோதனை. மூக்கில் கிளிப், வாயில் குழாய். மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை வேகமாக இழுத்து, 10 விநாடி அடக்கி, பிறகு விட வேண்டும். உள்ளே போன வாயுவில் எவ்வளவு ரத்தத்துக்குள் போயிற்று என்பதுதான் கணக்கு. பத்து விநாடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இருமல்காரருக்கு ஏழாவது விநாடியில் தொண்டை அரிக்க ஆரம்பிக்கும், கண்ணில் நீர் முட்டும். இருமிவிட்டால் திரும்ப முதலிலிருந்து. டெக்னீஷியன் பொறுமைசாலி. "அவசரமே இல்லங்க, தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார். அதற்கடுத்து 6 நிமிட நடை. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 96 காட்டிய விரல் கருவி, நடந்து முடிக்கும்போது 87 காட்டியது. இத்தனை நாளும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் எல்லோரும் அளந்திருக்கிறார்கள்!

இவ்வளவு கருவிகளுக்கும் நடுவில் விஷயத்தை உடைத்தது கேள்விகள்தான். என்ன வேலை, என்ன தூசி, மூட்டு வலி உண்டா, வாய் உலர்கிறதா, குளிரில் விரல் வெளுக்கிறதா, நுரையீரலைப் பாதிக்கக்கூடிய அமியோடரோன், நைட்ரோஃபுரன்டாயின், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை எப்போதாவது சாப்பிட்டதுண்டா?

"வீட்டுல பறவை வளர்க்கிறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"வளர்க்க வேண்டாம். தானா வந்து தங்குதா?"

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி யூனிட்டுக்குப் பின்னால் புறாக்கள் வருடக்கணக்காகக் குடியிருந்தன. எச்சம் காய்ந்து பொடியாகி ஜன்னல் விளிம்பில் படிந்திருக்கும். அந்த எச்சத்திலும் இறகுத் தூசியிலும் உள்ள புரதங்கள் சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலத்தைக் கிளப்பிவிடும். எல்லோருக்கும் வராது, அதே அறையில் தூங்கியவருக்கு ஒன்றும் இல்லை. இந்த வகை ஐஎல்டியை ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்பார்கள். பூஞ்சை பிடித்த கூலர், இறகுத் தலையணை, மக்கிய வைக்கோல் வழியாகவும் வரும்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த பிராங்கோஸ்கோபி, அதாவது காற்றுக்குழாய்க்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்ப்பது. தொண்டையில் கசப்பான மரப்பு மருந்தை அடித்து, தூக்க ஊசி போட்டு, உப்புநீரை நுரையீரலுக்குள் விட்டு உறிஞ்சினார்கள். அதில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் மிக அதிகம். பிறகு நுரையீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட், மூட்டு-முடக்குவியல் மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என் கேஸை அலசினார்கள். ஸ்கேன், புறா, உப்புநீர் மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால் பயாப்ஸி வேண்டாம் என்று முடிவாயிற்று. என்னைக் கேட்டால், எந்தத் தனி டெஸ்டையும் விட இந்தக் கூட்டம்தான் முக்கியம். உங்கள் மருத்துவமனையில் இந்த வழக்கம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் வாங்கி வையுங்கள். ரேடியாலஜிஸ்டுக்கு வேண்டியது அதுதான்.

சிகிச்சையில் முதல் மருந்து, புறாவை அப்புறப்படுத்துவது. வலை அடித்தோம். நோயாளி அந்தப் பக்கமே போகக் கூடாது. வேறொருவர் முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் எல்லாம் காற்றில்தான். கூடவே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, பிறகு நோயெதிர்ப்பை அடக்கும் மைகோஃபினோலேட். ஸ்டீராய்டு நாட்களில் தொற்று வராமலிருக்க கோ-டிரைமாக்சசோல், எலும்புக்குக் கால்சியம், சர்க்கரை பரிசோதனை. முகம் உப்பிற்று, ராத்தூக்கம் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

அழற்சி அடங்கியது. ஏற்கெனவே விழுந்த தழும்பு அடங்கவில்லை, எஃப்விசி (முழுக்க இழுத்து ஊதி வெளியேற்ற முடிகிற காற்றின் அளவு) இறங்கிக்கொண்டே வந்தது. அதனால் நின்டெடனிப் சேர்த்தார்கள், சாப்பாட்டோடு நாளுக்கு இரண்டு வேளை 150 மில்லிகிராம். இந்த மருந்து தழும்பை அழிக்காது, பரவும் வேகத்தைக் குறைக்கும். இதை முதல் நாளே தெளிவாகச் சொன்னதற்கு அந்த மருத்துவருக்கு நன்றி. இல்லாவிட்டால் மூச்சு சீராகவில்லையே என்று நானே நிறுத்தியிருப்பேன். வயிற்றுப்போக்கு சொல்லி வைத்தாற்போல் வந்தது. லோபெரமைடு எப்போதும் பையில் இருக்கும். கடைசியில் 100 ஆகக் குறைத்ததும் தாங்க முடிந்தது. கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போட விடமாட்டார்கள்.

மருந்துக்கு இணையாக எனக்கு உதவியது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே நடக்கவைப்பார். 88க்குக் கீழே போனால் நிற்க வேண்டும், உதடு குவித்து ஊத வேண்டும், ஏறியதும் மறுபடி நடை. இளைப்பு வந்தாலே பயந்து படுத்துக்கொண்டிருந்த கால்களுக்கு மெல்லத் தெம்பு வந்தது. ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளும் போட்டாயிற்று.

பிஎஃப்டி என்ற நுரையீரல் செயல்திறன் பரிசோதனையை ஒவ்வொரு முறையும் அதே லேபில்தான் எடுக்கிறேன். வேறு வேறு கருவி என்றால் வித்தியாசம் நோயால் வந்ததா, கருவியால் வந்ததா என்று குழம்பும். கடந்த சில ரிப்போர்ட்டுகளில் எஃப்விசி அதே இடத்தில் நிற்கிறது. அடுத்ததும் அப்படியே வந்தால் மைகோஃபினோலேட்டைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.