மொட்டை மாடியிலிருந்து ஏற்காடு வரை: ஆறு மாத வானக் கணக்கு

"வடக்கே திரும்பி, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே பாருங்கள், துருவ நட்சத்திரம் தெரியும்" என்று வீடியோவில் அந்த வெள்ளைக்காரர் சொன்னார். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன். நடுவே ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. அவர் பேசுவது 40 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஏதோ ஓர் ஊரிலிருந்து. சேலம் இருப்பது 11.6 டிகிரியில். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அந்தக் கணக்கில் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே தேடினேன். சேர்வராயன் மலை விளிம்புக்கு மேல், பெரிய பிரகாசம் எதுவும் இல்லாமல், அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. அதன் தலைக்கு மேல் துருவன் இருப்பது தெரிய ஓர் அமெரிக்கர் தப்பாக வழி சொல்ல வேண்டியிருந்தது.

இது கார்த்திகை மாதக் கதை. அதற்கு முன் இரண்டு மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். கருந்துளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். மாடிக்கு வந்த தங்கை மகள், "மாமா, அது என்ன நட்சத்திரம்?" என்று கேட்டால் முழிப்பேன். சரி, இனி திரையில் பார்ப்பதை அன்றைக்கே மாடியில் சரிபார்ப்பது, முடியாததை ஒதுக்கிவைப்பது என்று முடிவு செய்தேன்.

பணத்தை வீணாக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் "675 மடங்கு பெரிதாக்கும்" என்று போட்டிருந்த ஒரு டெலஸ்கோப்பை வாங்கினேன். முன் லென்ஸின் விட்டம் 60 மில்லிமீட்டர். விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 120 மடங்கு வரைதான் அதில் உருப்படியாகத் தெரியும் என்பதை வாங்கிய பிறகு படித்தேன். தாங்கியோ காற்றடித்தாலே ஆடியது. திருப்பி அனுப்பிவிட்டு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) வாங்கினேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

வானத்தைக் காட்டும் மென்பொருளில் ஸ்டெல்லேரியம் ஒன்றே போதும். இலவசம், கணினியில் இணையம் இல்லாமலும் ஓடும். முதல் வேலையாக ஊரைச் சேலம் என்று மாற்ற வேண்டும். நான் அதை மறந்து இரண்டு நாள் வேறு ஏதோ நாட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் போட்டபோது இன்னொரு கூத்து. கிழக்கே வியாழன் கண்கூசத் தெரிகிறது, ஆப் அதை மேற்கே காட்டுகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள்தான் கைப்பேசியின் திசைகாட்டியைக் குழப்பின. நாலடி தள்ளி நின்றதும் சரியாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது மார்கழியில் செய்த வியாழன் கணக்கு. கைப்பிடிச் சுவர் மேல் தலையணையை வைத்து, பைனாகுலரை அதில் அழுத்திப் பிடித்தால் வியாழனின் பக்கத்தில் ஊசி முனை போலப் புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். முதலில் நோட்டில் வரைந்துவிட வேண்டும், அப்புறம்தான் ஸ்டெல்லேரியத்தைத் திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்தால் இல்லாத புள்ளியும் கண்ணுக்குத் தெரியும், நான் செய்து பார்த்தேன். முதல் இரவு மூன்று புள்ளி. அடுத்த இரவும் மூன்று, ஆனால் இடம் மாறியிருந்தன. மூன்றாம் இரவு ஒன்றுதான். மற்ற இரண்டில் ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருந்தது, இன்னொன்று அதன் வெளிச்சத்தோடு ஒட்டிக்கிடந்தது. அந்த நிலாக்களில் ஒன்றான அயோ ஒரு சுற்றுச் சுற்ற நாற்பத்திரண்டரை மணி நேரம்தான், அதனால் நாளுக்கு நாள் ஆளே மாறிவிடும். ஏழு இரவுப் படங்களையும் ஒத்துப் பார்த்ததில் என் தவறும் அகப்பட்டது. ஆரம்பத்திலிருந்தே தள்ளி நின்ற ஒரு புள்ளியை ஏதோ நட்சத்திரம் என்று விட்டுவிட்டேன். அதுதான் காலிஸ்டோ. சுற்றி வர கிட்டத்தட்ட 17 நாள் எடுக்கும், அதனால் தள்ளித்தான் நிற்கும். நோட்டில் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்தை ஹெவன்ஸ் அபவ் தளம் சொல்கிறது. நம் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால் நிமிடம் தவறாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ஒரு நாள் தென்மேற்கில் கிளம்பி நடுவானம் வரை வந்து, சட்டென்று அணைந்துபோனது. பக்கத்து வீட்டு அக்கா, "விழுந்துடுச்சா?" என்று பதறினார். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

மேகம் மூடிய நாட்களுக்கு நிலா வரைபடம். நாசாவின் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படங்களை ஒட்டிச் செய்த குவிக்மேப்பில் நிலாவின் எந்த மூலையையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். 2019-இல் சந்திரயான்-2-இன் இறங்கு கலமான விக்ரம் தரையிறங்கப் போய் விழுந்து நொறுங்கியபோது, சென்னையிலிருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அந்த விண்கலத்தின் படங்களில் பழையதையும் புதியதையும் வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுத்தான் உடைந்த துண்டைக் கண்டுபிடித்தார். அந்த டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது. நான் தேடியது சந்திரயான்-3 இறங்கிய சிவசக்தி, தெற்கே சுமார் 69 டிகிரி. அந்த இடத்தைப் பார்க்கையில் ஒரு சொந்தம் தோன்றியது. இறங்கு கலத்தையும் உலவியையும் சோதித்த மண், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்திலிருந்து போனது. நிலாவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் என்ற பாறை அங்கே கிடைக்கிறது. அதைத் தேடிக் கொடுத்ததில் நம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறைக்குப் பங்கு உண்டு. அதே ஆர்வத்தில் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்து சந்திரயான்-2 தரவையும் இறக்கினேன். கோப்பைத் திறக்கத் தெரியாமல் அப்படியே கிடக்கிறது.

செவ்வாயில் ஓடும் பெர்சிவரன்ஸ் உலவி அனுப்பும் படங்களை நாசா மெருகேற்றாமல் வந்தபடியே போடுகிறது. நான் கணக்கெழுதும் கொலுசுப் பட்டறை இருப்பது செவ்வாய்ப்பேட்டையில். நாலு மணி டீயோடு அந்தச் செவ்வாயையும் பார்த்துவிடுவேன். கேலக்சி ஜூ என்ற தளத்தில் விண்மீன் மண்டலங்களைப் பார்த்து வகை பிரிக்கும் வேலை சில நாள் செய்தேன். பிறகு விட்டுப்போயிற்று.

பழைய குறைக்கு வருகிறேன். "இந்த மாத வானம்" என்று வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை அந்த வீடியோக்காரரைப் போல 40 டிகிரியில் இருக்கும் ஊர்களுக்கானவை. மாசியில் தெற்கே ஜொலிக்கும் அகத்திய நட்சத்திரம், வானிலேயே பிரகாசத்தில் இரண்டாவது, அவற்றில் வருவதே இல்லை. அவர்களுக்கு அது அடிவானத்தைத் தாண்டாது. அவர்கள் பட்டியலில் இல்லாதவற்றைத் தேடிக் குறித்தேன். முதல் இரண்டும் தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம், ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து.

அதற்காகத்தான் சித்திரை அமாவாசையை ஒட்டி ஏற்காடு போனேன். ஒளிமாசு வரைபடத்தில் சேலம் ஒரு பெரிய சிவப்புத் திட்டு, ஏற்காடு பரவாயில்லை. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. ஏற்காட்டுக்குத் தெற்கேதான் சேலம். நண்பனின் மாமா காபித் தோட்டத்தில் நின்று தெற்கே திரும்பினால், மேட்டுக்கு அப்பால் ஊர் வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் பொங்குகிறது. நான் தப்பித்து வந்த வெளிச்சம் அங்கேயும் எனக்கு எதிரே.

எட்டு மணிக்கு மேகம், ஒன்பதுக்கு ஒரு தூறல். பத்தரைக்கு மேல் திறந்தது. தென்சிலுவை அந்த ஆரஞ்சு மூட்டத்துக்கு மேலேயே, இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், சின்ன காற்றாடி போல நின்றது. அதற்கு மேலே இடப்பக்கம் பைனாகுலரைக் கொண்டுபோனால் ஒமேகா செண்டாரி. பஞ்சைக் கிள்ளி ஒட்டியது போல ஒரு வட்டப் புகை. 17,000 ஒளியாண்டுத் தொலைவில் கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கொத்து.

காவல்கார அண்ணனிடம் சிலுவையைக் காட்டினேன். "ஏனுங்க, இது தோட்டத்துல வெயில் காலம் பூரா நிக்குமுங்க. இதுக்கா கீழ இருந்து வந்தீங்க?" என்றார்.

நோட்டில் 11.40 என்று எழுதி, புகையை வரைந்து முடிப்பதற்குள் பனி இறங்கிவிட்டது.