பருப்பு வேகாத கிணறு

வாணியம்பாடிப் பக்கம் எங்கள் பெரியப்பா கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதில் பருப்பு வேகாது. வரப்போரம் காய்ந்த மண்ணில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், சுரண்டினால் நகத்தில் ஒட்டும். குடிக்கிற தண்ணீரைப் பெரியம்மா கேனில் விலைக்குத்தான் வாங்குகிறார்.

மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்டில் சொன்னது தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் நிலத்தையும் தண்ணீரையும் கெடுத்தது பற்றிய எங்கள் வேலூர் வழக்கில்தான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சரி, அப்புறம்? 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள், பாலாற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம் ஓடிவிட்டது.

தோல் தொழிற்சாலையில் வேலை செய்து பிழைப்பதும் எங்கள் ஊர் ஆட்கள்தான், அதனால் மூடு என்று நான் கேட்கவில்லை. கழிவுநீர்ச் சோதனை அளவை மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், கிராம சபையில் அதிகாரி வந்து நின்று பதில் சொல்லட்டும். தன் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பெரியப்பா மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.