வில்லையின் முதுகு

எங்கள் வீட்டில் பித்தளைச் சாமான் எதுவானாலும் புளி போட்டுத் துலக்கித்தான் வைப்பார்கள். டொராண்டோவில் குடியேறிய என் சித்தப்பா ஒருமுறை அம்பாசமுத்திரம் வந்தபோது, டொராண்டோவின் பழைய சாமான் சந்தை ஒன்றில் வாங்கிய தொப்பி வில்லை ஒன்றை என் கையில் கொடுத்தார். மேப்பிள் இலையின் மீது ஒரு கிரீடம், அதன் கீழே நாடாவில் ‘கனடா’ என்ற எழுத்துகள். முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட கனடியப் படையினர் தொப்பியில் குத்திக்கொண்ட பொது வில்லை அது. ஆடி வெள்ளிக்கு விளக்குத் துலக்கிய ஆச்சி, அதையும் சேர்த்துப் புளியில் ஊறவைத்துத் தேய்த்து, “பாருலே, தங்கமா மின்னுது” என்று ஆசையோடு நீட்டினாள். ஆலையிலேயே ஏற்றப்பட்ட பழுப்பு நிறம் முழுவதும் போய்விட்டிருந்தது என்பது எனக்கே சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அக்காலத்துக் கனடிய வில்லைகளில் பெரும்பாலானவை மின்னுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பித்தளையிலோ செம்பிலோ அடித்து, மருந்திட்டு மேற்பரப்பைப் பழுப்பாக்கியே படைக்குக் கொடுத்தார்கள். புளியின் அமிலம் அழுக்கோடு அந்த மேல்தோலையும் தின்றுவிடும். தோல் போனபின் மதிப்பும் போய்விடும். ஆகவே பழைய வில்லை கைக்கு வந்தால் மென்மையான உலர்ந்த துணியால் தூசியை ஒற்றி எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம் என்று, புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மட்டும், மூங்கில் குச்சியின் முனையால் பொறுமையாக அந்த இடத்தை மாத்திரம் சுரண்டி எடுக்கலாம்.

கனடாவின் வில்லைகள் என்னை ஏன் பிடித்துக்கொண்டன என்று கேட்பவர்களிடம் 260 என்ற எண்ணைத்தான் சொல்வேன். 1914-இல் போர் மூண்டபின் அந்த நாடு திரட்டிய பட்டாலியன்கள் எனப்படும் காலாட்படைப் பிரிவுகளின் எண்வரிசை 260 வரை சென்றது. ஊருக்கு ஊர் ஆள் திரட்டியவர்கள் தத்தம் பட்டாலியனுக்கென்று தனி வில்லை செய்துகொண்டார்கள். இலை பொதுவானது, அதன் நடுவே ஓநாயோ, பீவர் என்னும் நீர்விலங்கோ, நெருஞ்சிப் பூவோ அந்தந்த வட்டாரத்தின் அடையாளமாக நிற்கும். ஆனால் இங்கிலாந்தில் இறங்கிய பட்டாலியன்களில் பெரும்பான்மையானவற்றைக் கலைத்து, ஆட்களைப் பிரித்து, முன்னணியில் இருந்தவற்றின் இழப்பை நிரப்ப அனுப்பிவிட்டார்கள். 1917 ஏப்ரலில் பிரான்சின் விமி மேட்டைப் பிடித்த நான்கு கனடிய டிவிஷன்களில் இருந்த காலாட்படைப் பட்டாலியன்கள் 48 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை தம் பெயரில் போர்க்களம் காணவே இல்லை. அவற்றில் பலவற்றுக்கு இந்த வில்லையே கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி.

என்னிடம் இருப்பவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது இளவரசி பட்ரீஷியாவின் பெயர் தாங்கிய ரெஜிமெண்டின் வில்லை. 1914-இல் தம் கைப்பணம் ஒரு லட்சம் டாலரைக் கொடுத்து அதை உருவாக்கிய ஹாமில்டன் கால்ட், தம் மனைவி மார்கரீட்டின் பெயரைக் குறிக்கும் பூவை அதில் வைத்தார். நம்மூர்ச் செவ்வந்தியைப் போல் இதழ் விரிந்த சிறு பூ. பின்னாளில் பூவை எடுத்துவிட்டு இளவரசியின் பெயரெழுத்துகளைப் போட்டார்கள்.

முகப்பைப் பார்த்துக் காலத்தைச் சொல்லக் கிரீடம் உதவும். வளைவுகள் கவிந்து உருண்டையாக நின்றால் ‘கிங்ஸ் கிரவுன்’. வளைவுகள் நடுவில் அமுங்கித் தோள் உயர்ந்தால், 1952-இல் எலிசபெத் அரசியான பிறகு வந்த ‘குவீன்ஸ் கிரவுன்’. உண்மையா போலியா என்பதையோ முதுகுதான் சொல்லும். இணைய ஏலம் ஒன்றில், அரிதான பட்டாலியன் என்று நம்பி, ஒரு மாதச் சம்பளத்தில் கால்பங்கு கொடுத்து ஒரு வில்லையை வாங்கினேன். குத்துவிளக்கு வார்க்கும் வாகைக்குளத்துக்கு வேறொரு வேலையாகப் போனபோது அதையும் எடுத்துச் சென்றேன். அங்கிருந்த ஆசாரி முகப்பைப் பார்க்கவே இல்லை. திருப்பி, வெயிலில் சாய்த்து, நகத்தால் ஓரத்தை வருடினார். “தம்பி, இது அடிச்ச உருப்படி இல்ல. மண்ணுல வார்த்து அரம் போட்டிருக்கு” என்றார். ஊசிமுனை அளவில் குமிழ்த் துளைகள் இருந்தன; ஓரமெங்கும் அரத்தின் கீறல்கள். எஃகு அச்சில் அடித்த மெல்லிய தகடாக இருந்தால் முகப்பின் மேடெல்லாம் முதுகில் பள்ளமாகத் தெளிந்து தெரியும்; ஓரம் வெட்டுப்பட்டுச் சுத்தமாக இருக்கும். மாண்ட்ரியல் காரன் பிரதர்ஸ், பர்மிங்காம் டிப்டாஃப்ட் போன்ற வில்லைத் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரைப் பொறித்ததும் முதுகில்தான். அன்றுமுதல் முதுகின் படம் அனுப்பாதவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

காட்சிக்கு வைப்பதில் உள்ள சிக்கலும் இதுவே. சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் முதுகு மறைந்துவிடும். பசை போட்டு ஒட்டுவதோ மன்னிக்க முடியாத காரியம். நான் ஆழமில்லாத தேக்குப் பெட்டி செய்து, அட்டையின் மேல் வீரவநல்லூர்க் கைத்தறிப் பருத்தித் துணியை இழுத்துத் தைத்திருக்கிறேன். கம்பளித் துணியைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: அதிலிருந்து கசியும் கந்தகம் வெள்ளி முலாமைக் கறுக்கச் செய்யும். ரப்பர் பட்டையும் அப்படித்தான். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் வைத்தவை இரண்டே மழைக்காலத்தில் பிசுபிசுத்துக் களிம்பேறின. துணியிலும் அட்டையிலும் கத்தியால் கீறி, வில்லையின் முதுகிலுள்ள வளையக் காதுகளை அவற்றின் வழியே விட்டு, பின்னால் கம்பி ஊக்குச் செருகினால் போதும். வேண்டும்போது கழற்றித் திருப்பிக் காட்டலாம். கழுத்துப்பட்டை வில்லைகளை ஜோடியாக, ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்கிறேன். சட்டையில் அணிந்ததும் அப்படியே. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

முதல் பெட்டியின் இரண்டாம் வரிசையில் ஓரிடம் காலியாக இருக்கிறது. 1915-இல் கனடியப் படையில் சேர்ந்து, பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில் 20-ஆம் பட்டாலியனில் போரிட்டு, இருமுறை காயப்பட்டு, 1919-இல் இறந்து ஒண்டாரியோவின் கிச்சனர் நகரில் புதைக்கப்பட்ட பக்கம் சிங் என்ற சீக்கியரின் நினைவாக, அந்தப் பட்டாலியனின் வில்லைக்கென்று ஒதுக்கிய இடம் அது. அவருடைய பதக்கம் இங்கிலாந்தில் ஓர் அடகுக் கடையில் கிடைத்த பிறகே அவர் பெயர் பலருக்கும் தெரியவந்தது. வில்லை எனக்கு இன்னும் அகப்படவில்லை. அங்கே துணியையும் நான் கீறவில்லை. காதுகள் மேலும் கீழுமாக இருக்கின்றனவா, பக்கவாட்டில் இருக்கின்றனவா என்று கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கத்தியை வைக்க முடியும்.