கைநாட்டுக்கு நீர் ஆகாது

இலங்கையின் மலையகத்தில் பழம்பொருள் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவை துரை பங்களாவின் மேசை நாற்காலிகளும் தொழிற்சாலையின் பழைய இயந்திரங்களுமே. அவற்றைப் பார்க்கக் கண்டி ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. தொழிலாளரின் வாழ்க்கைக்கென்று கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், 2007இல் ஒரு நூதனசாலை தொடங்கப்பட்டது. பழம்பொருள்களைப் பேணுவதற்காக நான் வேலை செய்யும் சிறிய ஆய்வுகூடத்துக்கு வருபவையும் பெரும்பாலும் லயத்துக் காம்பராக்களிலும் தோட்டத்துக் கோயில்களிலும் இருந்து வருபவையே: அடுப்புப் புகை படிந்த நிழற்படங்கள், தப்புப் பறை, பித்தளைச் சிலைகள், கணக்குப் புத்தகங்கள். இவற்றைத் துடைப்பதற்கு முன் ஒவ்வொன்றும் எதனால் ஆனது, அதன்மேல் படிந்திருப்பது எது என்று அறிந்துகொள்வதிலேயே என் வேலை நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. அந்த நேரம் வீணானது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இங்கே முதல் எதிரி ஈரம். காற்றின் ஒப்பீரப்பதன், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு, 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்திலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியாப் பக்கம் மழை மாதங்களில் 90 சதவீதத்தைத் தொடுவதுகூட வியப்பன்று. வெப்பமான ஊர்களில் வழக்கமான குளிரூட்டி இங்கே தீர்வாகாது. ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் அறையை மேலும் குளிர்வித்தால், அதிலுள்ள நீராவி அப்படியே இருக்க, ஒப்பீரப்பதன் ஏறிவிடும். எனவே அறையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கவனிக்கிறோம். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவை ஈரம் குடித்து முடித்ததும் சூட்டடுப்பில் உலர்த்தி மறுபடி வைக்கிறோம். காற்றின் ஈரத்தை அளக்க உதவும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைச் சரியாகப் படிக்க எனக்குக் கற்றுத் தந்தவர், தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். கொழுந்து வாட்டும் மாடியில் அந்த இரண்டு குமிழ்களின் வித்தியாசத்தைப் பார்த்தே காலமெல்லாம் வேலை செய்தவர் அவர். எங்கள் கருவி பிழையாகக் காட்டுகிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

சிலைகளின் விடயம் வேறு. ஒரு தோட்டத்துக் கோயிலிலிருந்து சிறிய பித்தளை அம்மன் சிலையொன்று வந்தது. மூக்கும் கண்ணும் ஏறக்குறைய மழுங்கிவிட்டிருந்தன. புளியிலுள்ள தார்த்தாரிக் அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஒட்சைட்டைக் கரைத்துவிடும். கூடவே சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் சேர்த்துத் தேய்க்கும்போது உலோகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கோயில் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "வருசத்துக்கு ஒருக்கா புளி போட்டு வெளக்கினாத்தானே தம்பி சாமி பளிச்சுன்னு இருக்கும்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அது பூசையிலிருக்கும் தெய்வம், கண்ணாடிப் பேழைக்கு வந்த பொருளன்று.

ஆனால் சிலையின் பின்புறத்தில், சேலை மடிப்புகளின் இடுக்கில், புளி எட்டாத இடமொன்று இருந்தது. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது எண்ணெய், கரி, சிவப்புத் தூள் என்று அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. ஊதாக்கடந்த விளக்கின் கீழ் அடியடுக்கு மஞ்சளாக ஒளிர்ந்தது. மஞ்சளின் குர்குமின் அப்படித்தான் ஒளிரும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி ஈயம் இருப்பதாகவும் காட்டியது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மலிவான சில சிவப்புத் தூள்களில் ஈயச் செந்தூரம் கலந்திருப்பதுண்டு. ஆனால் வார்ப்புப் பித்தளையிலும் ஈயம் இருக்கும், கருவியின் கதிரோ மெல்லிய அடுக்கை ஊடுருவி அடியிலுள்ள உலோகத்தையும் சேர்த்தே படித்துவிடும். ஆகவே ஊசி முனையளவு தூளை மட்டும் கண்ணாடித் தகட்டில் எடுத்துத் தனியே சோதித்தோம். மேலடுக்கில் ஈயம் உண்மையிலேயே இருந்தது. கீழடுக்கில் ஈயம் இல்லை, கல்சியமே இருந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்த பழைய குங்குமத்தோடு இது பொருந்துகிறது. ஒரு சிலையை வைத்து ஊர் வழக்கம் மாறிய கதையைச் சொல்லிவிட முடியாது என்றாலும், அந்த மடிப்பைத் தேய்த்திருந்தால் இதைக்கூடச் சொல்ல முடியாமற் போயிருக்கும். முகத்தையும் முன்புறத்தையும் எதனோல் தொட்ட பஞ்சினால் துடைத்துக் கொடுத்தோம்; பின் மடிப்பைத் தொடவில்லை. இனிப் புளி வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி போதும் என்ற வேண்டுகோளைப் பெரியவர் ஏற்றுக்கொண்டார். அந்த மேல் தூளைக் குழந்தைகளின் நெற்றியில் இட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு முன்பணக் கணக்குப் புத்தகம். தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை எழுதியது. பெயர், தொகை, கங்காணியின் பெயர், அதன் எதிரே தொழிலாளியின் கைநாட்டு. எழுதிய மை, அன்னபேதியும் மாசிக்காயும் சேர்த்துச் செய்யும் இரும்பு மை. இது எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றிலுள்ள ஒட்சிசனால் கறுக்கும். நீரில் எளிதில் அழியாது என்பதாலேயே உலகெங்கும் ஆவணங்களுக்குப் பயன்பட்டது. அதன் கேடும் அதற்குள்ளேயே இருக்கிறது. மை உருவாகும்போது கந்தக அமிலமும் உண்டாகிறது. அது காகித நாரை அறுக்கிறது. கறுப்பு நிறத்தில் கட்டுப்படாமல் எஞ்சிய இரும்பு அயன்கள் நாரின் ஒட்சியேற்றத்தைத் தூண்டிவிடுகின்றன. அந்தப் புத்தகத்தின் பல பக்கங்களில் எழுத்தின் தடித்த கீற்றுகள் பழுப்பேறி வெடித்திருந்தன. சில எழுத்துகள் உதிர்ந்து, அவற்றின் வடிவத்திலேயே ஓட்டைகள் விழுந்திருந்தன.

கட்டுப்படாத இரும்பு இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பாத்தோபெனந்துரோலின் என்ற வேதிப்பொருள் ஏற்றிய சிறிய தாளைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மிகுதி நீரை ஒற்றியெடுத்துவிட்டு, எழுத்தின்மேல் சற்று நேரம் அழுத்தி வைத்தால், இரும்பு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். எங்கள் தாள் நன்றாகவே சிவந்தது. இதற்கான சிறந்த சிகிச்சை, 1990களில் நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட கல்சியம் பைட்டேற்று முறை: பைட்டேற்று அந்த இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும், பின்னர் கல்சியம் இருகாபனேற்றுக் கரைசல் அமிலத்தைத் தணிக்கும். இரண்டும் நீரில் அமிழ்த்திச் செய்யும் சிகிச்சைகள்.

கைநாட்டுகளை எடுத்திருந்தது ஊதா நிற முத்திரை மையினால். ஒரு கைநாட்டின் ஓரத்தில், ரேகை இல்லாத மைத் திட்டில், நுண்ணிய நீர்த்துளி ஒன்றை இட்டு வடிதாளால் ஒற்றினேன். தாளில் ஊதா நிறம் ஏறியது. எதனோலிலோ அது இன்னும் விரைவாகக் கரைந்தது. புத்தகத்தை நீரில் இட்டால் கணக்கப்பிள்ளையின் எழுத்து பிழைக்கும், தொழிலாளியின் ரேகை கரையும்.

இதற்குப் பிறகு எந்தக் கருவியும் எனக்கு விடை சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளும் எதைத் தாங்கும் என்பதைத்தான் ஆய்வு சொல்லும். எதைக் காப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்தின் செய்தியைப் படமெடுத்துக் காக்கலாம். மங்கிய இரும்பு மைகூட ஊதாக்கடந்த ஒளியில் கறுத்துத் தெளிவாகத் தெரியும். அந்தக் கைநாட்டோ ஒரு மனிதரின் கை அந்தத் தாளில் நேரடியாகப் பட்ட இடம். எழுதத் தெரியாத அந்த மக்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பிறரே. அவர்களே தம் கையால் விட்டுச்சென்ற அடையாளங்கள் மிகக் குறைவு. கைநாட்டின் பக்கமே நான் நின்றேன். உடன் பணியாற்றும் ஒருவர், பக்கம் உதிர்ந்தால் கைநாட்டும் சேர்ந்துதானே போகும் என்று வாதிட்டார். அந்த வாதத்தின் வலு எனக்குத் தெரியும்.

நீர் முறைகளை ஒதுக்கிவிட்டோம். வெடித்த எழுத்துகளின் பின்புறத்தில், கைநாட்டு இல்லாத இடங்களில் மட்டும், ஜெலற்றின் பூசி உலர்த்திய மெல்லிய ஜப்பானியத் தாளை, பிடிக்கும் அளவுக்கு மட்டும் ஈரம் காட்டி ஒட்டினோம். சாதாரணப் பசையின் ஈரம் இரும்பை எழுத்திலிருந்து நல்ல தாளுக்குள் பரப்பிவிடும். ஜெலற்றின் அந்த அயன்களை ஓரளவு பிடித்து வைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண ஒளியிலும் ஊதாக்கடந்த ஒளியிலும் படமெடுத்தோம். புத்தகம் இப்போது அமிலமற்ற அட்டைப் பெட்டியில், 50 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறாதபடி இருக்கிறது. தங்கள் குடும்பத்தவரின் பெயரைத் தேடி வருவோருக்கு முதலில் படத்தைக் காட்டுகிறோம். பெயர் கிடைத்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து காட்டுகிறோம். சோதனைத் தாள் வைத்த இடங்களை வரைபடத்தில் குறித்திருக்கிறோம். ஆண்டுதோறும் அவற்றின் அருகிலேயே மறுபடி சோதிப்போம். வெடிப்புகள் நீண்டிருந்தால், கைநாட்டுகளை மட்டும் நீர் படாமல் மறைத்துச் செய்யும் வழியொன்றை, அதே காலத்து வெற்றுத் தாளில் முதலில் முயன்று பார்க்க எண்ணியிருக்கிறோம்.