ஒரு மிடறு தேத்தண்ணி

சத்திரசிகிச்சை முடிந்து 11ஆம் நாள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்ட குழாயின் பையில் அன்று காலையும் ஒரு லீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணி. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அம்மா காயம் நோகுது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "டொக்டர், ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கலாமோ?" என்றுதான் கேட்பார். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

அவருக்குச் செய்தது விப்பிள் சத்திரசிகிச்சை. சதையியின் (கணையத்தின்) தலை, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே கொண்டுவந்து சதையியோடும் பித்தக்குழாயோடும் இரைப்பையோடும் தைக்க வேண்டும். அதற்குப் பிறகு பலருக்கு இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடும். குடித்தது கீழே இறங்காது, வாந்தியாக வரும். 14 நாள் கடந்தும் மூக்குக் குழாய் தேவைப்பட்டால் அதுதான் ஆகக் கடுமையான தரம்.

இதைத் தடுக்கக் குடலைப் பெருங்குடலுக்கு முன்னால் கொண்டுவந்து தைப்பதா, பின்னால் பெருங்குடலைத் தாங்கும் சவ்வில் துளை போட்டுக் கொண்டுவருவதா? நான் பயிற்சி பெற்ற காலத்தில் 'முன்னால்தான்' என்பது வேதவாக்கு. 2006இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வில் முன்னால் தைத்தவர்களில் 5%, பின்னால் தைத்தவர்களில் 50% பேருக்கு இந்தச் சிக்கல். ஆனால் அதில் இருந்ததே 40 பேர். அதாவது ஒரு பக்கம் ஒருவர், மற்றப் பக்கம் பத்துப் பேர். 2014இல் நெதர்லாந்தில் 246 பேரை வைத்துப் பார்த்தபோது 34%, 36%. வித்தியாசமே இல்லை.

இரைப்பை குடலுக்குள் திறக்கும் வாயிலை வைப்பதா எடுப்பதா என்பதிலும் இதே கதை. 2011இல் ஜப்பானில் எடுத்தவர்களுக்கு 4.5%, வைத்தவர்களுக்கு 17.2%. 2018இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் எடுத்தவர்களுக்கு 31.2%, வைத்தவர்களுக்கு 25.3%. அந்த வேறுபாட்டையும் பெரிதாக எடுக்க முடியாது.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது? அப்போது நான் இருந்த மருத்துவமனையில் ஸ்கேனுக்கு நாள் கிடைக்கவில்லை. முன்சிறுகுடல் போனால் இரைப்பையை அசையவைக்கும் மோட்டிலின் என்ற ஹோர்மோன் குறையும், அதன் வேலையை எரித்ரோமைசின் என்ற மருந்து ஓரளவு செய்யும் என்று அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். நான் என் தையலைத்தான் சந்தேகித்தேன். குடல் எங்கோ மடிந்திருக்கிறது என்று இரவில் படுத்திருந்து யோசித்தேன். 12ஆம் நாள் ஸ்கேன் எடுத்தால் இரைப்பைக்குப் பின்னால் சீழ்க்குளம். சதையித் தையல் கசிந்திருக்கிறது, அதனால்தான் இரைப்பை அசையாமல் கிடந்திருக்கிறது. அவருடைய சதையி மிக மெது, அதன் உள்ளே ஓடும் குழாயும் மெல்லியது. கனிந்த பப்பாசியில் ஊசி ஏற்றுவது போல, நூலைக் கொஞ்சம் இழுத்தாலே அறுத்துக்கொண்டு வரும். கதிரியக்க மருத்துவர் ஊசி வழியாக ஒரு குழாய் வைத்துச் சீழை வடித்துவிட்டார்.

இன்றும் நான் முன்னால்தான் தைக்கிறேன். இரைப்பைத் தையல் சதையித் தையலிலிருந்து தள்ளி இருக்கும், கசிந்தாலும் அதற்குள் ஊறிக் கிடக்காது என்பது என் எண்ணம். ஆனால் இரைப்பை அசையாவிட்டால் இப்போது முதலில் கேட்பது ஸ்கேன்தான். அதற்காகத் தொலைபேசியில் மன்றாடவும் தயங்குவதில்லை.

அடுத்த நாட்களில் பை மெல்ல மெல்ல வற்றியது. மூக்குக் குழாயை ஒரு நாள் மூடிவைத்துப் பார்த்துவிட்டு 16ஆம் நாள் கழற்றினோம். மகள் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா குடிக்காமல் என்னைப் பார்த்தார். "குடியுங்கோ அம்மா" என்றேன். மூன்று மிடறு குடித்தார். நான் அரை மணித்தியாலம் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.